இருவர் புறப்பட்டால் இரண்டு அனுமதி



கணவர் கடல் கடந்த நாட்டில், மனைவி சொந்த ஊரில், பிள்ளைகள் தந்தையைப் புகைப்படத்திலும் தொலைபேசியிலுமே அறிந்து வளர்வது என்பது, நம் பங்குகளில் பல குடும்பங்கள் நெடுங்காலமாகச் சுமந்துவரும் சிலுவை. ஆகவே, இன்றைய இளந்தம்பதியர், "போனால் இருவருமாகவே போவோம்" என்று சொல்லும்போது நம் உள்ளம் மகிழ்கிறது. திருமணத்தில் இணைக்கப்பட்டவர்கள் ஒரே கூரையின்கீழ் வாழ விரும்புவது நியாயமானது, போற்றத்தக்கதும்கூட. ஆனால் விருப்பம் நல்லதாயிருப்பதனாலேயே அதற்குக் காட்டப்படும் வழியும் நல்லதாகிவிடுமா?

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு தந்தையார் எழுதியுள்ள மடல் இக்கேள்வியை எழுப்புகிறது. விசைத்தறியை நம்பி வாழும் குடும்பம். மகன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பயிற்சி முடித்தவர். மருமகள் பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. துபாய்க்கு அனுப்புவதாக ஏஜெண்டு ஒருவர் வந்திருக்கிறார். மகனுக்கு மாதம் 1,800 திர்ஹாம் சம்பளத்தில் வேலை விசா. மருமகளுக்குச் சுற்றுலா விசா. "அங்கே போய் இறங்கியதும் ஏதாவது ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிடலாம்" என்பது வாக்குறுதி. இருவருக்குமாக 5 இலட்சம் ரூபாய் கேட்கிறார். "நகைகளை அடகு வைத்து, மீதிக்குப் புஞ்சை நிலத்தை விற்றுவிடலாமா? மருமகளையும் சேர்த்து அனுப்புவது சரியா?" என்று கேட்கிறார் பெரியவர்.

ஐயா, சுற்றி வளைக்காமல் விடை கூறிவிடுகிறோம். இந்த ஏற்பாட்டில் நிலத்தை விற்க வேண்டாம்; மருமகளை அனுப்பவும் வேண்டாம். அவர்கள் இருவரும் சேர்ந்து போகக் கூடாது என்பது இதன் பொருளன்று. இருவர் புறப்பட்டால் இரண்டு அனுமதி வேண்டும் என்பதே பொருள். காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

உடன் செல்பவரின் உரிமை

வெளிநாட்டு வேலை பற்றிப் பேசும்போது நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றே: எந்த நாடு? என்ன சம்பளம்? எவ்வளவு செலவு? இவை யாவும் வேலை கிடைத்தவரைப் பற்றியவை. அவருடன் செல்பவர் அங்கே எந்த உரிமையோடு தங்குவார், எந்த உரிமையோடு உழைப்பார் என்று எவரும் கேட்பதில்லை. 'கணவருக்கு விசா உண்டு. ஆகவே மனைவிக்கும் உண்டு' என்று எண்ணிக்கொள்கிறோம். சட்டம் அப்படி எண்ணுவதில்லை.

தங்கும் உரிமை வேறு. உழைக்கும் உரிமை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கு வேலை செய்பவர் தம் மனைவியைத் தம் பொறுப்பில் குடியிருக்க அழைத்துக்கொள்ள, மாத வருமானம் 4,000 திர்ஹாமாவது இருக்க வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் குடியிருக்க இடமும் இருக்க வேண்டும். பெரியவரின் மகனுக்குச் சொல்லப்பட்ட சம்பளமோ 1,800 திர்ஹாம். அவர் மனைவியை முறைப்படி அழைத்துக்கொள்ள வழியில்லை என்பது ஏஜெண்டுக்குத் தெரியாதா? தெரிந்ததனால்தான் சுற்றுலா விசா பேசப்படுகிறது.

சுற்றுலா விசாவில் சென்றவர் அங்கே வேலை செய்வது குற்றம். முறையான குடியிருப்பு அனுமதி பெற்ற மனைவியே ஆனாலும், அவரை வேலைக்கு எடுக்கும் முதலாளி அவர் பெயரில் தனியாக வேலை அனுமதி பெற்றாக வேண்டும். அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு, 2024-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, 1 இலட்சம் முதல் 10 இலட்சம் திர்ஹாம் வரை அபராதம் உண்டு. இவ்வளவு ஆபத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டு ஒருவர் வேலை கொடுக்கிறாரென்றால், அந்த ஆபத்தின் விலையை யாரிடமிருந்து பெறுவார்? குறைந்த சம்பளம், நீண்ட வேலை நேரம், கையில் இல்லாத கடவுச்சீட்டு ஆகியவற்றின் வழியாக அந்தத் தொழிலாளியிடமிருந்தேதான்.

அனுமதியின்றி உழைப்பவர் சம்பளம் வரவில்லையென்று முறையிட முடியாது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்க முடியாது. தெருவில் காவலரைக் கண்டால் ஒதுங்கிச் செல்ல வேண்டும். கெடு தாண்டித் தங்கிய நாட்களுக்கு அபராதம் ஏறிக்கொண்டே இருக்கும். தாய் தந்தையர் இறந்தால்கூட ஊருக்குத் திரும்ப அஞ்சுவர். ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை பொது மன்னிப்பு அறிவித்தபோதுதான் இத்தகையோர் பலருக்கு அபராதமின்றி வெளியேறவோ, தம் நிலையைச் சட்டப்படி சீராக்கிக்கொள்ளவோ கதவு திறந்தது. மன்னிப்பை எதிர்நோக்கி வாழும் வாழ்வை நம் பிள்ளைகளுக்கு நாமே தேடிக் கொடுக்கலாமா?

நம் முன்னோர் பட்ட பாடு

தம்பதியராகக் கடல் கடந்து உழைப்பது நமக்குப் புதிதன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும், மதுரை, திருச்சி மாவட்டங்களிலிருந்தும் சென்றவர்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் குடும்பம் குடும்பமாகவே உழைத்தார்கள். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. கவாத்து வெட்டுவதும் மண் கொத்துவதும் ஆண்களின் வேலை. கங்காணி கொடுத்த முன்பணமே அவர்களுக்குக் கடனாயிற்று. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அந்தக் கடன் தொகை எழுதிய 'துண்டு' என்னும் தாள் வேண்டும். புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தாலன்றி விடுதலையில்லை. கடனோ தொழிலாளியை விட்டு நீங்குவதில்லை. அந்தத் துண்டு முறை 1921-ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

உழைப்பைப் பெற்றுக்கொண்ட நாடு உரிமையைக் கொடுக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கிய அந்த மக்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்றும் நம்மிடையே உண்டு. ஒரே குடும்பத்தில் சிலர் அங்கும் சிலர் இங்குமாகப் பிரிந்ததும் உண்டு.

கடனைச் சொல்லும் தாள் கையிலிருந்தது. உரிமையைச் சொல்லும் தாள் இல்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. அன்று கங்காணியின் முன்பணம் செய்த வேலையை, இன்று ஏஜெண்டுக்காக வாங்கப்படும் வட்டிக் கடன் செய்கிறது. கடனோடு போய் இறங்குகிறவர், கொடுமையைக் கண்டாலும் அந்த வேலையை உதறிவிட்டு வர முடியாது.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு

உடன் செல்லும் துணைக்கு என்ன உரிமை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதோடு, ஆண்டுக்கு ஆண்டும் மாறுகிறது. நம் குடும்பங்கள் நாடும் சில நாடுகளைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் 'ஒர்க் பெர்மிட்' பெற்றுக் கட்டுமானம், கப்பல் கட்டும் தளம் முதலிய இடங்களில் வேலை செய்வோர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. உயர்நிலை அனுமதி பெற்று, மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியாவது சம்பளம் வாங்குபவர் மனைவியை அழைக்கலாம். ஆயினும் 2021 மே முதல், அப்படிச் சார்ந்து வந்தவர் வேலை செய்ய விரும்பினால், பொதுவாக அவருக்கெனத் தனி வேலை அனுமதி பெற வேண்டும். மலேசியாவில் தற்காலிகத் தொழிலாளர் அனுமதியில் செல்வோருக்கும் குடும்பத்தை அழைத்துச் செல்லும் உரிமை இல்லை.

இங்கிலாந்தில் முதியோரையும் நோயுற்றோரையும் பராமரிக்கும் வேலைக்கு நம் நாட்டிலிருந்து பலர் தம்பதியராகச் சென்றனர். 2024 மார்ச் 11 முதல், அவ்வேலைக்குப் புதிதாகச் செல்வோர் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வது நிறுத்தப்பட்டது. 2025 ஜூலை 22 முதல், வெளிநாட்டிலிருந்து அவ்வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே, பராமரிப்பு வேலைக்கென்று இன்றும் ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு ஆள் திரட்டுபவரைக் கண்டால், நாம் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

'ஒருவர் படிக்கப் போவது, மற்றவர் உடன் போய் வேலை செய்வது' என்னும் வழியும் குறுகிவிட்டது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மற்ற படிப்புக்குச் செல்லும் மாணவர் துணையை அழைத்துச் செல்ல இயலாது. கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், 16 மாதங்களுக்குக் குறையாத முதுகலைப் படிப்பு, முனைவர் படிப்பு, சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் சேர்வோரின் துணைக்கு மட்டுமே பொது வேலை அனுமதி கிடைக்கிறது.

அமெரிக்காவில் எச்-1பி அனுமதியில் பணிபுரிவோரின் மனைவியர், எத்துணைப் படித்தவராயினும், பல்லாண்டுகள் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. 2015 மே 26 முதல், நிரந்தரக் குடியிருப்புக்கான முதற்கட்ட ஒப்புதல் பெற்றவர்களின் துணைக்கு, விண்ணப்பித்து வேலை அனுமதி பெறும் வழி பிறந்தது. அதுவும் எல்லோருக்கும் அன்று.

ஜெர்மனியில் நிலைமை வேறு. தகுதி பெற்ற தொழிலாளராக ஒருவர் முறைப்படி சென்று, குடும்ப இணைவு விசாவில் துணையை அழைத்துக்கொண்டால், அத்துணைக்கும் வேலை செய்யும் உரிமை உண்டு. ஆனால் அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டும். செவிலியராகப் பதிவு பெறுவதற்கு, பொதுவாக ஜெர்மன் மொழியில் 'பி2' என்னும் தேர்ச்சி நிலை வேண்டும். ஓராண்டு உழைப்பின்றி அந்நிலை எளிதில் கைகூடாது.

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சென்ற ஆண்டு அண்டை வீட்டார் போன வழி இந்த ஆண்டு அடைபட்டிருக்கலாம் என்பதை மட்டும் மறவாதிருப்போம். அந்தந்த நாட்டு அரசின் அதிகாரபூர்வமான இணையதளத்தில், புறப்படும் ஆண்டின் விதியைப் படித்தவரைக்கொண்டு பார்த்தறிவதே சரியான வழி.

யார் முன்னே செல்வது?

பெரியவரின் மடலில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த வீட்டில் வெளிநாட்டில் மதிப்புள்ள தகுதி யாருக்கு உண்டு? மருமகளுக்கு. ஆனால் மகனுக்கு வேலை விசா. மருமகளுக்குச் சுற்றுலா விசா. வண்டியின் பின்னே மாட்டைக் கட்டியது போன்ற ஏற்பாடு இது.

பட்டம் பெற்ற செவிலியர் பின்வாசல் வழியாக நுழைய வேண்டிய அவசியமே இல்லை. அப்படி நுழைந்தாலும் செவிலியராக அவர் பணிபுரிய இயலாது. அந்நாட்டின் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாதபோது 'ஏதாவது ஒரு வேலை' என்பது துப்புரவு வேலையாகவோ வீட்டு வேலையாகவோ முடியும். நான்கு ஆண்டுகள் படித்த படிப்பு அங்கேயே மங்கிப்போகும்.

மனைவி முன்னே செல்ல, கணவர் அவரைச் சார்ந்து பின்னே செல்வதை நம் ஆண்கள் சிலர் இழிவாகக் கருதுகிறார்கள். "பெண்டாட்டி விசாவில் போனான்" என்று ஊரார் பேசுவார்களே என்று கூசுகிறார்கள். ஊரார் பேச்சு இரண்டு மாதம் நிற்கும். தவறான விசாவின் துன்பம் எத்தனை ஆண்டு நிற்கும்? விவிலியத்தில் வரும் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரை நினைத்துப் பாருங்கள். கிளவுதியு பேரரசரின் ஆணையால் உரோமையை விட்டு வெளியேறி, கொரிந்து நகரில் குடியேறிய அவர்கள், இருவருமாகக் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார்கள். பின்பு எபேசுக்கும் இருவருமாகவே சென்றார்கள். அவர்களைக் குறிப்பிடும் இடங்கள் சிலவற்றில் மனைவியின் பெயரே முன்னே வருகிறது. அதனால் அக்கிலாவின் பெருமை குறைந்துபோயிற்றா?

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

சட்டப்படி செல்ல எண்ணும் தம்பதியரைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் பெயர்ச் சிக்கலே. நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது மிகுதி. திருமுழுக்கு ஏட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் மற்றொன்று, ஆதார் அட்டையில் இன்னொன்று. திருமுழுக்கின்போது மரிய ஆரோக்கியம், பள்ளியில் ஆரோக்கியமேரி, திருமணத்திற்குப் பின் தந்தையின் முதலெழுத்து போய்க் கணவரின் முதலெழுத்து. ஊரில் யாவரும் ஒருவரையே அறிவார்கள். தூதரக அதிகாரியோ மூன்று பெண்களைக் காண்கிறார்.

ஆகவே, ஏஜெண்டைத் தேடுமுன் தாள்களைத் தேடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே கடவுச்சீட்டில் பெயரும் பிறந்த நாளும் இருக்கட்டும். கோவிலின் திருமண ஏட்டில் பதிந்ததோடு நின்றுவிடாமல், 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறவேண்டிய சான்றையும் பெற்றுக்கொள்ளுங்கள். குடும்ப விசாவுக்கு அரசுச் சான்றே கேட்கப்படும். கல்விச் சான்றுகளும் திருமணச் சான்றும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பத்தைப் பெற வேண்டியிருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்பமும் வேண்டும். கடவுச்சீட்டுக்குத் திருநெல்வேலியிலேயே சேவை மையம் உண்டு. குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

யாரிடம் பணம் கொடுப்பது?

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எவரும் இந்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் 'இ-மைக்ரேட்' என்னும் அரசு இணையதளத்தில் உள்ளது. பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை அங்கே ஒத்துப் பாருங்கள். ஒருவரிடமிருந்து அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். அதற்குமேல் வரி மட்டுமே. ரசீதும் தர வேண்டும். 5 இலட்சம் கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாக 'ஈ.சி.ஆர்.' என்னும் குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அவர்களுக்கு 10 இலட்சம் ரூபாய்க்கான காப்பீடும் உண்டு. 30 வயது நிரம்பாத பெண்களுக்கு இவ்வனுமதி கிடைப்பதில்லை. செவிலியரைப் பொறுத்தவரை, அந்தக் குறிப்பு இல்லாத கடவுச்சீட்டு உடையவராயினும், 2015 முதல் இந்த 18 நாடுகளுக்கு அனுமதி பெற்றே செல்ல வேண்டும்; ஆள் எடுப்பும் அரசு நிறுவனங்கள் வழியாக நடைபெற வேண்டுமென விதி செய்யப்பட்டது. நம் மாநில அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்கி வருகிறது. சங்கரன்கோவில் மருமகள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுவே.

இதில் அலட்சியம் எவ்வளவு ஆபத்து என்பதை 2022-இல் கண்டோம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களின் பிடியில் சிக்கி, அரசின் முயற்சியால் மீட்கப்பட்டார்கள். படித்த பிள்ளைகளுக்கே நேர்ந்தது இது.

புறப்படுமுன் கேட்க வேண்டியவை

ஆகவே, இருவருமாகப் புறப்பட எண்ணும் ஒவ்வொரு தம்பதியரும் வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் அமர்ந்து, இக்கேள்விகளுக்கு விடை காண்பார்களாக: நம் இருவரில் யார் பெயரில் வேலை ஒப்பந்தம் இருக்கிறது? மற்றவர் எந்த விசாவில் வருகிறார்? அந்த விசாவில் அவர் சம்பளத்துக்கு வேலை செய்யலாமா, கூடாதா? ஒருவர் வேலை போனால் மற்றவர் அங்கே எத்தனை நாள் தங்க முடியும்? முதல் ஆண்டில் ஒரே சம்பளத்தில் வாடகையும் உணவும் போக என்ன மிஞ்சும்? குழந்தை உடன் வருகிறதா, தாத்தா பாட்டியிடம் நிற்கிறதா. நின்றால் எத்தனை மாதம்?

இவற்றில் ஒன்றுக்கேனும் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது விடையானால், பயணத்தைச் சிறிது ஒத்திப் போடுவதே அறிவுடைமை. ஆறு மாதம் பொறுத்து, மருமகள் மொழியோ தேர்வோ படிக்கட்டும். மகன் தம் தொழிலில் அனுபவச் சான்று சேர்க்கட்டும். புஞ்சை நிலம் அதுவரை அங்கேயே இருக்கும்.

பங்குகளில் உள்ள படித்த இளைஞருக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, புறப்பட இருக்கும் குடும்பங்களின் ஒப்பந்தத்தையும் விசாவையும் படித்துப் பொருள் சொல்லுங்கள். முகவரின் பதிவு எண்ணைத் தேடிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கையெழுத்திடும் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

வெளிநாட்டில் பொருள் சேர்ப்பது தவறன்று. இல்லறத்தார் இருவரும் அங்கே நிமிர்ந்து நடக்க வேண்டும். காவலரைக் கண்டு ஒருவர் ஒளியவும், மற்றவர் அவருக்காகப் பொய் சொல்லவும் நேரக் கூடாது. அந்த நிம்மதி உறுதியான பின், நம் பிள்ளைகளை முழு மனத்தோடு ஆசீர்வதித்து வழியனுப்புவோம்.